வளையம் தானாகத் திரும்பாது

அத்தியாயம் 11

ஒற்றைக் கையால் பழைய லென்ஸைப் பிரிக்க முடியாது என்று கெர்லிண்டுக்குத் தெரியும். ஆனாலும் பிரித்துக்கொண்டிருந்தாள்.

லென்ஸைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு வலது கையால் வளையத்தைத் திருகினாள். உள்ளே இருந்த கிரீஸ் பல வருஷமாகக் காய்ந்து மெழுகாக இறுகியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திருகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கீழ்வரிசையில் முன்பல் இரண்டும் போய்விட்டன. இடது கை கழுத்திலிருந்து தூளியில் தொங்கியது. காறையெலும்பு முறிந்து, உள்ளே ஒரு தகடு வைத்துத் திருகியிருந்தார்கள்.

எல்லாம் அவள் புருஷன் ஊல்ஃபின் வேலை. கூரை ஓடு தூக்கித் தூக்கி உரமேறிய கை அவனுக்கு. பிரிந்து போன பிறகும் அந்தக் கை அவளைத் தேடி வந்தது. போன மாதம், பட்டப்பகலில், இதே பட்டறை வாசலில்.

இதற்கு முன்னாலும் அடித்திருக்கிறான். போலீஸ் வரும். நீங்கள் ஒன்று சொல்கிறீர்கள், அவர் ஒன்று சொல்கிறார் என்று எழுதிக்கொண்டு போய்விடும். இந்தத் தடவை அப்படிப் போக முடியவில்லை. அவள் தம்பி ஃபால்க் படம் எடுத்துவிட்டான்.

அலறல் கேட்டு ஓடி வந்தானாம். அக்கா கிடந்த கோலத்தைப் பார்த்ததும் கால் மரத்து நின்றுவிட்டானாம். கழுத்தில் தொங்கிய கேமராவை விரல் தானாக அமுக்கிக்கொண்டே இருந்ததாம். போலீசாரிடம் அழுதுகொண்டே அப்படித்தான் சொன்னான். அந்தப் படங்களால்தான் ஊல்ஃப் இப்போது இந்தத் தெருவில் கால் வைக்கக்கூடாது என்று உத்தரவு இருக்கிறது.

நாளைக் காலையில் நீதிமன்றம். படங்கள் சாட்சியாக நின்றால் ஊல்ஃப் உள்ளே போவான். நிற்காவிட்டால் சனி ஞாயிறுக்கு மெர்லேயை அவனிடம் அனுப்பியாக வேண்டும். மெர்லே அவர்களுடைய ஒரே பெண். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

தொலைபேசி அடித்தது. வக்கீலம்மா மேனெர்ட்.

"கெர்லிண்ட், ஒரு சின்ன வேலைம்மா." அவருக்கு எல்லாமே சின்ன வேலைதான். "அவன் வக்கீல் ஒரிஜினல் மெமரி கார்டப் பாக்கணும்ங்கறான். படத்த கம்ப்யூட்டர்ல வெட்டி ஒட்டிட்டோமாம். இன்னிக்கு எப்படியாவது கொண்டுவந்து குடுத்துடு."

"கார்டு கேமராவுக்குள்ளதான் இருக்கும். ஃபால்க் அலமாரியில வச்சிருக்கான்."

"அது போதும். அந்தப் படம்தான் நம்ம கேசோட எலும்பு. ஐயோ, உன்கிட்டப் போய் எலும்பப் பத்திப் பேசறேனே!"

கெர்லிண்ட் சிரித்தாள். சிரித்தபோது தோள் சுரீரென்றது.

அலமாரியைத் திறந்தாள். கேமரா அன்று வைத்தபடியே இருந்தது. லென்ஸைக்கூட ஃபால்க் கழற்றவில்லை.

நூறு மில்லிமீட்டர் லென்ஸ். போலந்து எல்லையோரம் இருக்கிற இதே கோர்லிட்ஸ் ஊரில், அவள் பிறப்பதற்கு முன்பே செய்தது. உடம்பெல்லாம் உலோகம். இந்த மாதிரி லென்ஸைப் பழுது பார்த்துத் தரச் சொல்லித்தான் கொரியாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் அக்காவுக்கும் தம்பிக்கும் ஆட்கள் எழுதுகிறார்கள். பின்னால் இருக்கிற ஒவ்வொரு வெளிச்சப் பொட்டையும் சோப்புக் குமிழியாக்கி மிதக்கவிடும் லென்ஸ் அது. நடுவில் ஓர் அடாப்டர் வைத்துப் புதுக் கேமராவில் மாட்டலாம். ஆனால் முன்னால் ஒரு லென்ஸ் இருப்பதே கேமராவுக்குத் தெரியாது. என்ன லென்ஸ் என்று படத்தோடு பதியாது, தானாக ஃபோகஸும் செய்யாது. கண்ணை வைத்து, வளையத்தைக் கையால் திருப்பித்தான் ஒவ்வொரு படமும்.

அந்த லென்ஸைப் பார்த்ததும் அவளுக்கு ஏதோ உறுத்தியது. இன்னதென்று பிடிபடவில்லை.

படங்களை அவள் இதுவரை பார்த்ததில்லை. போலீசார் காட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இப்போது, கார்டு கெட்டுப்போகாமல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகக் கம்ப்யூட்டரில் செருகினாள்.

ஊல்ஃபின் கைமுட்டி அவள் வாயில் பட்ட கணம் திரை முழுக்க விரிந்தது. முட்டியில் இருந்த ஒவ்வொரு முடியும் தெரிந்தது. அவள் உதடு ஒரு பக்கமாக இழுபட்டு, உள்ளே பல் சாய்ந்துகொண்டிருந்தது.

அடுத்த படத்தில் பட்டறைக் கதவில் அவள் தலை மோதியிருந்தது. காதுக்குப் பின்னால் ரத்தம் ஒரு கோடாக இறங்கியது. அதற்கடுத்ததில் அவள் கல்தரையில் கிடந்தாள். ஊல்ஃபின் பூட்ஸ் அவள் தோளுக்கு மேலே நின்றது. அதற்கும் அடுத்ததில் இறங்கியிருந்தது. பூட்ஸ் கயிற்றின் முடிச்சில் ஒட்டியிருந்த தாரைக்கூடப் பார்க்க முடிந்தது.

எல்லாவற்றுக்கும் பின்னால், மழையில் நனைந்த லிண்டன் மரத்து இலைகள் ஆயிரம் குமிழிகளாக மிதந்தன. படம் அழகாக இருந்தது.

மேசைமேல் இருந்த அவளுடைய வலது கை, அவள் சொல்லாமலே, காற்றில் ஒரு வளையத்தைத் திருப்பியது. முட்டிக்கு ஒரு திருப்பு. காதுக்குக் கொஞ்சம் பின்னால். தரைக்கு இன்னும் பின்னால். பூட்ஸுக்கு மறுபடி முன்னால்.

இந்த லென்ஸின் துவாரத்தை முழுசாகத் திறந்து வைத்து எடுத்தால் ஒரு சாண் ஆழத்துக்குத்தான் கூர்மை இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் எல்லாம் கரைந்துபோகும். ஒருவன் அடிக்கிறான், ஒருத்தி விழுகிறாள், உருளுகிறாள், இழுபடுகிறாள். அத்தனைக்கும் அந்த ஒரு சாண் அவர்கள் பின்னாலேயே போயிருந்தது. ஒரு படம்கூட மங்கவில்லை.

கார்டில் இருந்த படங்களின் வரிசை எண்களைப் பார்த்தாள். நடுநடுவே எண்கள் இல்லை. யாரோ பொறுக்கி அழித்திருக்கிறார்கள்.

வரிசையின் ஆரம்பத்துக்குப் போனாள். போலீசுக்குக் கொடுத்திருக்கவே முடியாத ஒரு படம் அங்கே இருந்தது. முற்றத்துக் கதவின் கைப்பிடி. அதன்மேல் ஊல்ஃபின் கை. கதவு அப்போதுதான் திறக்க ஆரம்பித்திருந்தது. படம் முற்றத்துக்கு உள்ளேயிருந்து, விறகுக் கொட்டகைப் பக்கமிருந்து எடுத்தது.

அப்போது அவள் இன்னும் அலறவே இல்லை.

"அக்கா! கசகசா பன் தீந்துபோச்சாம். சாதா பன்தான். உன் ஓட்டைப் பல்லுக்கு அதுதான் லாயக்குன்னு வாங்கிட்டு வந்துட்டேன்."

ஃபால்க் காகிதப் பையை ஆட்டிக்கொண்டு உள்ளே வந்தான். திரையைப் பார்த்ததும் பை அப்படியே நின்றது.

"அத ஏன்க்கா பாக்கற?"

"வக்கீலம்மா கார்டக் கேட்டாங்க." அவள் திரும்பவில்லை. "நல்லா வந்திருக்குடா. பூட்ஸ்ல இருக்கற தார்கூடத் தெரியுது."

"ஏதோ அதிர்ஷ்டம்."

"ஒண்ணுன்னா அதிர்ஷ்டம். எல்லாமேவா?"

"நான்தான் சொன்னேனே. கை கால் ஓடல. விரல் பாட்டுக்கு அமுக்கிச்சு."

"விரல் தானா அமுக்கும்டா. நம்பறேன். வளையம் தானா திரும்புமா?"

ஃபால்க் பையை மேசையில் வைத்தான். பன்னை எடுத்தான். அதையும் வைத்தான்.

"மங்கின படமெல்லாம் எங்க?"

"அழிச்சுட்டேன்."

"ஏன்?"

"மங்கின படத்த எவன் வச்சுப்பான்?"

தினமும் சொல்வதுபோலவே சொன்னான். சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கால் மரத்துப் போனவன் எடுத்த படமாகக் காட்ட வேண்டுமானால் அந்த மங்கின படங்களைத்தான் வைத்திருக்க வேண்டும். போலீசாருக்கு அது தெரியாது. அவர்களுடைய கேமரா தானே ஃபோகஸ் செய்துகொள்ளும். வக்கீலுக்கும் தெரியாது. இந்த வீட்டில்தான் தெரியும்.

"நான் கீழ கிடந்தேன்டா," என்றாள் கெர்லிண்ட். குரல் உயரவில்லை. "என் எலும்பு உடைஞ்ச சத்தம் எனக்கே கேட்டுச்சு. நீ அங்க நின்னு ஃபோகஸ் பண்ணிட்டிருந்த."

"நான் குறுக்க வந்திருந்தா ரெண்டு பேரையும் கொன்னிருப்பான். படமும் இருந்திருக்காது. அடுத்த மாசம் உன்னப் புதைக்க வந்திருப்பேன். எத்தன தடவக்கா போலீஸ் வந்துச்சு? என்ன கிழிச்சாங்க?"

அதில் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

கைப்பிடிப் படத்தைத் திரையில் பெரிதாக்கினாள்.

"இதுவும் விரல் தானா அமுக்கினதா?"

ஃபால்க் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது. ஆனால் வெளுப்பதற்கு முன்னால், கண் சிமிட்டும் நேரம், அதில் ஒரு பெருமை வந்து போனதை அவள் பார்த்தாள்.

"இத ஏன் அழிக்கல?"

"கூர்மையா வந்திருந்துச்சு," என்றான் மெதுவாக. "அழிக்க மனசு வரல."

"அவன் வரப்போறான்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

பதில் வருவதற்குள் சந்தில் ஒரு வேன் வந்து நின்றது. எஞ்சின் அணையவில்லை. முற்றத்துக் கதவு சுவரில் மோதியது.

ஊல்ஃப் உள்ளே வந்தான். வாசற்படியில் ஏறும்போதே தலையைத் தாழ்த்தினான். அவ்வளவு உயரம்.

"என்ன மச்சான், விருந்தா? பன்னெல்லாம் வாங்கி வச்சிருக்க."

"நீ இங்க வரக்கூடாது." கெர்லிண்ட் எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"உன்னப் பாக்க வரலடி. உன் தம்பி நாளைக்குக் கோர்ட்ல பேசப்போறானாம். ஒத்திகை பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். சீக்கிரம் மச்சான், வண்டியில ஆள் காத்திட்டிருக்கு."

"வெளிய போ ஊல்ஃப்," என்றான் ஃபால்க். குரல் கிறீச்சிட்டது.

"போறேன். ஒரே கேள்வி. அன்னிக்கு எனக்குப் போன் பண்ணது யாரு? கெர்லிண்ட் பாலத்தத் தாண்டிப் போலந்துக்கே குடிபோறா, மெர்லேயையும் கூட்டிட்டுப் போறா, இனி பிள்ளைய நீ கண்ணால பாக்க முடியாது, மத்தியானம் தனியாத்தான் இருப்பா, வந்து பேசிக்கோன்னு சொன்னது யாரு? சொல்லு. உன் அக்கா கேக்கட்டும்."

கெர்லிண்ட் தம்பியைப் பார்த்தாள். அவன் ஊல்ஃப் பக்கம் திரும்பாமல் அவளைப் பார்த்துத்தான் சொன்னான்.

"ஒரே ஒரு அறைன்னு நெனச்சேன்க்கா. ஒரு அறை விடுவான், அத எடுத்துட்டா போதும், காலத்துக்கும் அவன் தொல்லை விட்டுதுன்னு நெனச்சேன். இவ்ளோ தூரம் போவான்னு…"

ஊல்ஃப் முதல் அடியை அவன் வாயிலேயே போட்டான்.

ஃபால்க் பின்னால் பறந்து வேலைமேசையில் விழுந்தான். திருகாணி டப்பாக்கள் சிதறின. பென்சீன் குப்பி உடைந்து, வாசனை மூக்கில் ஏறியது. ஊல்ஃப் அவன் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி, மேசை விளிம்பில் முகத்தை ஒரு முறை இடித்தான். இன்னொரு முறை இடித்தான். மூக்கு நொறுங்கும் சத்தம் காய்ந்த சுள்ளியை ஒடிப்பதுபோலக் கேட்டது.

"நாளைக்கு இதச் சொல்லுவியா? ஜட்ஜ் முன்னாடி சொல்லுவியா?"

ஃபால்க் ஏதோ சொன்னான். வாயில் ரத்தம் கொழகொழத்ததால் புரியவில்லை.

மேசை ஓரத்தில், பொருளை இறுக்கிப் பிடிக்கிற இரும்பு வைஸ் இருந்தது. ஊல்ஃப் அவனுடைய இடது கையை இழுத்து அதன் தாடைகளுக்கு நடுவில் வைத்தான். வளையம் திருப்புகிற கை. கைப்பிடியைச் சுற்றினான்.

ஃபால்க் கத்தினான். மனிதக் குரலாக அது இல்லை.

கெர்லிண்ட் நின்றுகொண்டிருந்தாள். அவள் கால் மரக்கவில்லை. தொலைபேசி எட்டும் தூரத்தில் இருந்தது. ஆனாலும் ஒரு சுற்று முடியும் வரை அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். 'இவனுக்கும் உடையட்டும்' என்று அவளுக்குள்ளே ஏதோ ஒன்று சொல்லிற்று. அந்தக் குரலை அவள் தெளிவாகக் கேட்டாள்.

ஊல்ஃப் இரண்டாவது சுற்றுக்குக் கையை மாற்றினான். மேசையில் கேமரா இருந்தது. கெர்லிண்ட் அதன் வாரைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வீசினாள்.

புதுக் கேமராவின் கனமும் பழைய லென்ஸின் உலோகக் கனமும் சேர்ந்து அவன் காதுக்கு மேலே இறங்கின. ஊல்ஃப் கைப்பிடியை விட்டான். முழங்கால் மடிந்து தரையில் விழுந்தான். தலையைத் தொட்டு, விரலில் இருந்த ரத்தத்தைப் பார்த்து, பிறகு அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. இவளா என்கிற வியப்புத்தான் இருந்தது.

"வேணாம்," என்றான். கையைத் தூக்கினான்.

அந்த இடத்தில் அவள் நிறுத்தியிருக்கலாம். அவன் விழுந்துவிட்டான். கதவு திறந்துதான் கிடந்தது. ஓடியிருக்கலாம்.

அவள் மறுபடி வீசினாள். தூக்கிய கையைத் தாண்டி லென்ஸ் அவன் நெற்றியில் இடித்தது. கண்ணாடி உடைந்தது. நெற்றியும் உடைந்தது. ஊல்ஃப் பக்கவாட்டில் சாய்ந்து, சிதறிய திருகாணிகளின்மேல் அசையாமல் கிடந்தான்.

ஃபால்க் நல்ல கையால் வைஸைப் பின்பக்கம் சுற்றி விரல்களை விடுவித்துக்கொண்டான். மூன்று விரல்கள் தட்டையாகிக் கறுத்திருந்தன. வலியில் ஆள் குறுகிப் போயிருந்தான். ஆனாலும் முதலில் கேமராவைத்தான் தேடினான்.

கெர்லிண்ட் குனிந்து ஊல்ஃபின் மூக்கருகே கையை வைத்தாள். மூச்சு இருந்தது. விட்டு விட்டுச் சீறியது. நிமிர்ந்து தொலைபேசியை எடுத்தாள்.

"ஆம்புலன்ஸ் அனுப்புங்க. போலீசும். ரெண்டு பேருக்கு அடி. ஒருத்தருக்குத் தலையில. இல்ல, அடிச்சவங்க எங்கயும் ஓடல. நான்தான் அடிச்சேன்." முகவரியைச் சொல்லிவிட்டு வைத்தாள்.

"ஏன்க்கா அப்படிச் சொன்ன?" ஃபால்க் ரத்தத்தைத் துப்பினான். "சரி, பரவால்ல. கேளு. இது நமக்கு நல்லதுதான். உத்தரவ மீறி வந்தான், என்ன அடிச்சான், என் கையப் பாரு. நீ காப்பாத்த ஒரு அடி அடிச்ச. ஒரே அடி. எந்தக் கோர்ட்டும் உன்னத் தொட முடியாது. நாளைக்கு வேற எதுவுமே தேவையில்ல."

"ரெண்டு அடிடா."

"ஒரே அடி. விழும்போது மேசையில இடிச்சுக்கிட்டான். ரெண்டாவது யாருக்குத் தெரியும்? உனக்கும் எனக்கும்தான். அந்தக் கார்டயும் எடுத்து அடுப்புல போட்டுடு. அவன் போன்ல கேட்டதுக்கெல்லாம் சாட்சி கெடையாது. ரெண்டாவது அடின்னா என்ன தெரியுமா? நீ உள்ள போவ. மெர்லே யார்கிட்டப் போவா? இவன்கிட்ட. இல்ல இவன் அம்மாகிட்ட."

இவனுக்கு எப்படி இவ்வளவு சீக்கிரம் எல்லாம் அடுக்கி வைக்க வருகிறது என்று கெர்லிண்ட் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் உடைந்து தொங்குகிற நேரத்திலும் கண் மட்டும் எதை எங்கே நிறுத்தலாம் என்று அளந்துகொண்டிருந்தது. ஆனால் அவன் சொன்ன கணக்குத் தப்பில்லை. அவளுக்கும் அது தெரிந்தது. ஒரே அடி என்று சொன்னால் மெர்லே அவளோடு இருப்பாள். ஒரு வார்த்தைதான்.

"சரின்னு சொல்லுக்கா. வந்துடப் போறாங்க."

அவள் வாயைத் திறந்தாள்.

வெளியே வேனின் கதவு இழுபட்டுத் திறந்தது.

முற்றத்துக் கதவு இன்னும் அகலத் திறந்தே கிடந்தது. பட்டறைக் கதவும் அப்படியே. இரண்டுக்கும் நேராக, கண்ணாடி இறக்கிவிட்டிருந்த வேனின் முன்சீட்டிலிருந்து பள்ளிப் பையோடு மெர்லே இறங்கினாள். ஈரக் கல்லில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து நடந்து வந்து வாசற்படியில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"மெர்லே! நீ எப்படி… ஸ்கூல்ல இல்லையா நீ?"

"அப்பாதான் வந்து கூட்டிட்டு வந்தார். அம்மாகிட்ட மன்னிப்புக் கேக்கப் போறேன், வண்டியிலயே இருன்னு சொன்னார்." தரையில் கிடந்தவனைப் பார்த்தாள். அவள் முகவாய் ஆடியது. "அப்பா செத்துட்டாரா?"

"இல்லடா. மூச்சு இருக்கு. ஆம்புலன்ஸ் வருது."

"மெர்லே கண்ணு, இங்க வா," என்று ஃபால்க் நல்ல கையை நீட்டினான். பூப்போலப் பேசினான். "நீ பயந்துபோய்க் கண்ண மூடிட்டிருந்திருப்ப, இல்ல? சரியாத் தெரிஞ்சிருக்காது."

மெர்லே மாமாவைப் பார்க்கவில்லை.

"அம்மா," என்றாள். "போலீஸ் கேட்டா மாமா சொல்ற மாதிரி ஒண்ணுன்னு சொல்லணுமா? நான் ரெண்டு பாத்தேன்."

தூரத்தில், நெய்சே ஆற்றுப் பாலத்துப் பக்கம், சைரன் கேட்டது.

ஃபால்க் அக்காவையே பார்த்தான். இல்லை என்று தலையை ஆட்டினான். மெதுவாக, மெதுவாக ஆட்டினான்.

கெர்லிண்ட் கையிலிருந்த வாரைப் பிரித்தாள். அது மணிக்கட்டில் ஆழமாகப் பதிந்திருந்தது. கேமராவைத் தரையில் வைத்துவிட்டு, பெண்ணிடம் போய் மண்டியிட்டு உட்கார்ந்தாள். மெர்லே அவளைத் தொடவில்லை. ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். கெர்லிண்ட் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டும் சொன்னாள்.

"ரெண்டுதான். ரெண்டாவது அடிக்கும்போது அப்பா கையத் தூக்கிட்டார். வேணாம்னு சொன்னார். அதையும் சொல்லு."